ஹீட்டர் வேண்டாத ஊரில் மினி காரின் காற்றை வெளியேற்றுவது

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். 1979ஆம் ஆண்டு மினி 1000. ரேடியேட்டருக்குப் புதுக் கோர் (தண்ணீர் ஓடும் உள்கூடு) போட்டு, ஹோஸ்களையும் மாற்றினீர்கள். அதற்குப் பிறகு சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் போகும்போது வெப்பமானியின் முள் முக்கால் வரை ஏறுகிறது, திடீரென்று பாதிக்கு இறங்குகிறது. டேஷ்போர்டுக்குள் மீன் தொட்டி மாதிரி தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். கையேட்டில் "ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து நிரப்பவும்" என்று போட்டிருக்கிறது. ஆனால் உங்கள் ஹீட்டர் வால்வு பாதியில் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஹெட் காஸ்கெட் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றவேண்டும் என்கிறார்கள்.

ஹெட்டைக் கழற்றவிடாதீர்கள், இப்போதைக்கு. ஏறிய முள் சட்டென்று இறங்குவதும், டேஷ்போர்டு சத்தமும், ரேடியேட்டரில் கைவைத்த பிறகே இதெல்லாம் தொடங்கியது என்பதும் சேர்ந்து உள்ளே காற்று மாட்டியிருப்பதைத்தான் காட்டுகின்றன. பல வருடங்களுக்கு முன் என் வண்டிக்கும் இதே கதை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) ஹெட்டைக் கழற்றி, ஸ்கிம் பண்ணி (அடிப்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்தி), புதுக் காஸ்கெட் போட்டு, இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே முள் மறுபடி ஆடியது. காற்று உட்கார்ந்திருந்தது ஹீட்டர் ஹோஸில். அதை எடுக்க எனக்கு ஆனது ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு புனலும் முக்கால் மணி நேரமும்தான்.

கொஞ்சம் காற்று இவ்வளவு ஆட்டம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வண்டியில் மொத்தமே சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர்தான். அதில் அரை லிட்டர் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டால் ஏழில் ஒரு பங்கு போயிற்று. வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுமே தவிரக் காற்றைத் தள்ளாது. பம்பின் இறக்கைக்குள் காற்று புகுந்துவிட்டால் அது சும்மா நுரையைக் கடைந்துகொண்டிருக்கும். அடுத்தது தெர்மோஸ்டாட், என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்துவிடும் கதவு. அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்தால்தான் கதவு திறக்கும். சுற்றிலும் சுடுதண்ணீர் இருந்தால் மெழுகு உடனே உருகும். சுற்றிலும் காற்று இருந்தால் வெப்பம் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் ஹெட்டில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். பிறகு ஒரு கட்டத்தில் கதவு படாரென்று திறக்கிறது, ரேடியேட்டரில் இருந்த குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்கிறது, முள் விழுகிறது. நீங்கள் பார்க்கும் ஏற்ற இறக்கம் இதுதான்.

இதில் என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று. மினியில் வெப்பமானியின் சென்சார் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, ஹெட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. காற்று வந்து சேரும் இடமும் அதுதான். சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நின்றால் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போதுகூட முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கலாம். ஆகவே முள் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகி உட்லண்ட்ஸ் வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். (இடையில் ஒன்று: எரிபொருள் முள்ளும் அதே நேரத்தில் தாறுமாறாகக் காட்டினால் தண்ணீரைவிட முதலில் சந்தேகப்படவேண்டியது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரை. இரண்டு முள்ளுக்கும் அது ஒன்றே.)

சரி, காற்றை எங்கே தேடுவது? காற்று மேலே போகும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் வண்டியில் 'மேலே' என்பது எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. மற்ற வண்டிகளில் ரேடியேட்டர் முன்னால் இருக்கும். முன்பக்கத்தைத் தூக்கினால் மூடி உயரத்துக்கு வந்துவிடும், காற்று தானாக அங்கே வரும். இணையத்தில் பார்க்கும் எல்லா வீடியோவிலும் 'முன்பக்கத்தை மேட்டில் ஏற்று' என்று சொல்வது அதனால்தான். உங்கள் மினியில் என்ஜின் குறுக்காக நிற்கிறது, ரேடியேட்டர் இடதுபக்கச் சக்கரத்துக்குள் பதுங்கியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டும் இடதுபக்கம். ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வு ஹெட்டின் மறுமுனையில், ஓட்டுநர் பக்கமாக இருக்கிறது. ஆகவே நீங்கள் தூக்கவேண்டியது முன்பக்கத்தை அல்ல, இடதுபக்கத்தை. இடது முன்சக்கரத்தை மட்டும் ஒரு நல்ல ரேம்ப்பில் ஏற்றுங்கள், அல்லது ஜாக் போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு சாண் உயரம் போதும். கைபிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது.

இனி ஹீட்டர். இங்கிலாந்தில் எழுதிய கையேட்டுக்கு ஹீட்டர் என்பது தினமும் திறந்து மூடுகிற சாமான். நம் ஊரில் காலை ஏழு மணிக்கே வியர்க்கிறது. சிங்கப்பூரில் ஓடும் பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் ஹீட்டர் வால்வு நாற்பது வருடமாக யாரும் தொடாமல் இறுகிப்போயிருக்கும் என்பது என் அனுபவம். சிலர் ஹோஸைக் கழற்றி வளைத்துச் செருகிவிடுவார்கள். சிலர் உள்ளே போல்ட்டைத் திணித்துக் கிளிப் போட்டுவிடுவார்கள். வண்டியை விற்கும்போது அதைச் சொல்லமாட்டார்கள். அப்புறம் வாங்கியவர் கையேட்டை வைத்துக்கொண்டு ஹீட்டரைத் திறந்து காற்றை எடுக்கப் பார்த்தால் எங்கிருந்து வரும்?

உங்கள் வால்வு பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். அது இரண்டும் கெட்டான். தண்ணீர் சுற்றிவர அது போதாது, ஆனால் காற்று ஒளிந்துகொள்ளத் தாராளமாகப் போதும். டேஷ்போர்டுக்குள் கேட்கும் சத்தம் அதுதான். உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வால்வை மாற்றுவது. விலை அதிகமில்லை, மினி பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. இரண்டாவது, ஹீட்டரையே தண்ணீர் ஓடும் சுற்றிலிருந்து விலக்கி, ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைத் தகடு வைத்து அடைப்பது, கீழ் ஹோஸில் அது திரும்பி வந்து சேரும் கிளையையும் அடைப்பது. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். புக்கிட் தீமாவிலோ கடற்பாலத்து நெரிசலிலோ முள் ஏறும்போது ஜன்னலை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்தால் அது இரண்டாவது ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும், என்ஜின் பிழைக்கும். ஜோகூர் போகிற வழியில் நான் இரண்டு முறை இப்படித் தப்பித்திருக்கிறேன்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு வாளியும் அளவுக்குடுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வடித்த தண்ணீர் எவ்வளவு என்று அளந்து எழுதிவையுங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, எனக்குப் பிடித்த வேலையே இதுதான். மூன்று லிட்டர் வெளியே வந்திருக்கிறது, திரும்ப இரண்டேகால் லிட்டர்தான் உள்ளே போனது என்றால் முக்கால் லிட்டர் காற்று எங்கோ உட்கார்ந்திருக்கிறது. என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலேயே தெரிந்துவிடும். மூன்றரையும் வெளியே வராததற்குக் காரணம் பிளாக்கில் தங்கிவிடும் தண்ணீர். என்ஜினுக்குப் பின்பக்கம் அதற்கு ஒரு வடிகுழாய் அடைப்பான் இருக்கும், அதைத் திறந்தாலும் துரு அடைத்திருந்தால் ஒன்றும் வராது, ஒரு கம்பியால் குத்திவிடவேண்டும்.

நிரப்புவதை ஹீட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். கீழ் ஹோஸுக்குத் திரும்பும் ஹீட்டர் ஹோஸைக் கழற்றி, அதை உயரத் தூக்கிப் பிடித்து, புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். வால்வு திறந்திருந்தால் தண்ணீர் ஹீட்டரைக் கடந்து ஹெட்டுக்குள் இறங்கும், காற்று ரேடியேட்டர் வாய் வழியாக வெளியேறும். ஊற்ற ஊற்ற 'குளுக்' என்று சத்தம் வரும், அது நல்ல சத்தம். அவசரப்பட்டு ஊற்றினால் தண்ணீரே காற்றின் வழியை அடைத்துவிடும், புனலில் நிரம்பி நிற்கும். அப்போது நிறுத்துங்கள், ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். ஹோஸ் நிரம்பியதும் கட்டைவிரலால் மூடி, பழைய இடத்தில் செருகி, கிளிப்பை முடுக்குங்கள். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை. அப்புறம் ரேடியேட்டர் வாய் வழியாக மீதியை ஊற்றுங்கள். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாவு பிசைகிற மாதிரி அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் குமிழ் வரும், மட்டம் இறங்கும்.

மூடியைப் போடாமல் என்ஜினை ஓட விடுங்கள், ஹீட்டர் முழுதாகத் திறந்திருக்கட்டும். மினியின் விசிறி பெல்ட்டில் ஓடுவது, ஆகவே சட்டை நுனி, கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் தள்ளி இருக்கவேண்டும். ஐந்து, பத்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். அப்புறம் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்த நேரம் அது. அப்போது தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும், உடனே ஊற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி, ஏறத்தாழ 2000 சுழற்சியில் சில விநாடி பிடித்து விடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் பம்ப் மூலைகளில் இருந்த காற்றைத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு வரும். குமிழ் நின்றதும் என்ஜினை நிறுத்தி, வண்டியைச் சமதரைக்கு இறக்கி, மூடியைப் போடுங்கள்.

அன்றைக்கு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீருக்குள்ளேயே காற்று கரைந்திருக்கிறது, நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 16 மில்லிலிட்டர். சூடானால் அது பிரிந்து வந்துவிடும். உங்கள் வண்டியின் மூன்றரை லிட்டருக்கு ஏறத்தாழ 55 மில்லிலிட்டர். ஆகவே மறுநாள் காலை என்ஜின் முழுதாக ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். மூன்றாம் நாளும் அதே அளவு இறங்கினால் மட்டுமே கசிவைத் தேடவேண்டும். பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் விரல் நீளத்துக்கு ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கும். மினிக்காரர்களின் சாபக்கேடு அது. வெளியே எல்லாம் உலர்ந்திருந்தால் அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

எவ்வளவு வரை நிரப்புவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் வண்டியில் வழிந்த தண்ணீரைச் சேர்த்து வைத்துத் திரும்ப உறிஞ்சும் பாட்டில் கிடையாது. வழிந்தால் தரையில்தான். தண்ணீர் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிநிலை வரை போகும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு பெருகும். மூன்றரை லிட்டருக்கு அது 140 மில்லிலிட்டர். வாய்வரை நிரப்பினால் அவ்வளவும் வெளியேதான் வரும். வழிகிறதே என்று நீங்கள் தினமும் ஊற்ற, அது தினமும் துப்ப, 'ஹெட் காஸ்கெட்' என்று மெக்கானிக் சொல்ல, இப்படியே ஓடும். வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே மட்டம் நிற்கட்டும். மூடியின் ஸ்பிரிங்கையும் ரப்பரையும் பாருங்கள். உங்கள் வண்டிக்கு 13 அல்லது 15 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு அழுத்தம் பிடிப்பது). ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி ஏறும், ஆக 15 பவுண்டு மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. கழுத்தின் ஆழத்துக்குப் பொருந்தாத மூடி பார்க்க மூடியிருக்கும், அழுத்தம் பிடிக்காது. புதுக் கோர் போட்டவர் கழுத்தையும் மாற்றியிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது அப்படியே ஆவியாகிப் பொங்கி முகத்துக்கு வரும். துணி வைத்துத் திறப்பது, கால்வாசி திருகி 'உஸ்' என்று விடுவது எல்லாம் பழைய ஓட்டுநர்கள் செய்வார்கள், அவர்களில் சிலர் முகத்தில் தழும்பும் இருக்கும்.

"நம் ஊருக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், எடுத்துப் போடு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் சொல்வார்கள். இந்த என்ஜினில் அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ஓடும் கணக்கு மாறி, பம்புக்குத் தூரத்தில் இருக்கும் நான்காவது சிலிண்டர் பக்கம் சூடு கூடும். எடுத்தே ஆகவேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு உருளை ஸ்லீவ் போடவேண்டும். இந்த என்ஜினுக்கு 74, 82, 88 டிகிரி என்று மூன்று வகைத் தெர்மோஸ்டாட் வந்தன. 88 குளிர்நாட்டுக்கு, 74 வெயில்நாட்டுக்கு. உங்களுடையதில் எந்த எண் அடித்திருக்கிறது என்று பாருங்கள், நான் 74 அல்லது 82 போடுவேன். தகட்டில் ஆடும் ஒரு சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி வையுங்கள், காற்று தப்பிப்போகும் ஓட்டை அதுதான். ஊசி இல்லாத வகை என்றால் தகட்டின் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள். என்ஜின் சூடாக அரை நிமிடம் கூடுதலாகும், காற்று மட்டும் அங்கே நிற்காது.

வண்டிப் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் இப்போது வெற்றிடம் வைத்து நிரப்பும் கருவி வைத்திருக்கிறார்கள். கம்ப்ரஸரைக் கொண்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, கூலண்ட்டை (என்ஜினைக் குளிரவைக்கும் திரவத்தை) தானாக இழுக்க விடுவது. நல்ல கருவி, கசிவு இருந்தால் முள்ளே காட்டிக்கொடுக்கும். உங்கள் ஹோஸ்களும் கோரும் புதியவை என்பதால் தாங்கும். ஆனால் ஹீட்டர் வண்டியோடு வந்த பழையது. அதை உறிஞ்சச் சொல்ல எனக்கு மனம் வராது.

கூலண்ட் விஷயத்தில், உறைதல் என்ற கவலை நமக்கில்லை. அதனால் 50க்கு 50 கலக்க வேண்டியதில்லை, மூன்றில் ஒரு பங்கு போதும். வெறும் தண்ணீர் வெப்பத்தை நன்றாகவே எடுத்துச் செல்லும், ஆனால் வார்ப்பிரும்பு என்ஜினைத் துருவாக்கி அந்தத் துருவால் புதுக் கோரை அடைத்துவிடும். செம்பு, பித்தளை, ஈயப்பற்று உள்ள பழைய ரேடியேட்டருக்குப் பழைய வகை நீலம் அல்லது பச்சைக் கூலண்ட் வாங்குங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் டப்பாவில் பழைய வண்டிகளுக்கு ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர். வடித்த பழையதை வடிகாலில் ஊற்றாதீர்கள், நம் வடிகால்கள் பலவும் நீர்த்தேக்கங்களில்தான் போய் விழுகின்றன. தரையில் தேங்கவும் விடாதீர்கள், இனிப்பாக இருக்கும், புளோக்குக்குக் கீழே திரியும் பூனைகள் நக்கினால் செத்துப்போகும். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, இரண்டு மூன்று முறை ஆறவைத்து ஊற்றிய பிறகும் குமிழ் நிற்கவில்லை என்றால், அப்போது ஹெட் காஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம். காலையில் முற்றிலும் குளிர்ந்த என்ஜினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மாட்டியிருக்கும் காற்று சூடான பிறகுதான் வரும். சிலிண்டரிலிருந்து கசியும் புகைவாயு முதல் நிமிடத்திலேயே விடாமல் குமிழியிடும். மூடி போட்டு ஓட்டினால், இன்னும் கை சுடாத நிலையிலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து உள்ளே இருக்கும் காற்றைத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள், கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிட வேலை. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம், ஒரு நாளைச் சோதனைக்குச் செலவழிக்க மனம் வராது, தெரியும். ஆகவே முதலில் நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிட்டு முள்ளைக் கவனியுங்கள். அது ஒரே இடத்தில் நின்றால் மவுண்ட் ஃபேபர் மேட்டில் ஒரு முறை ஏறி இறங்குங்கள், பின்சீட்டில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இருக்கட்டும். வடித்த அளவு, ஊற்றிய அளவு, மறுநாள் இறங்கிய மட்டம், இந்த மூன்றையும் எழுதுங்கள், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.